துப்பாக்கி கேட்டவள்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் டீச்சர். எனக்கு இந்த ஓரம் போதும். நான் லங்காப்பில் இறங்குகிறவள். பஸ் நின்றதும் சட்டென்று எழுந்து போக வேண்டும். நீங்கள் தெலுக் ஆன்சன் வரைக்குமா? நல்லது. நீங்கள் டீச்சர் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று பார்க்கிறீர்களா? படியில் தொங்கிய ஆட்களை ஒரே அதட்டில் உள்ளே வர வைத்தீர்களே, அப்போதே தெரிந்துவிட்டது.

கண்டக்டர் என்னைப் 'படைக்காரம்மா' என்று கூப்பிட்டான், கேட்டீர்களா? "நாட்டுக்காகத் துப்பாக்கி தூக்கினவங்க, எடம் விடுங்க" என்று வேறு சொன்னான். நல்ல பிள்ளை. ஆனால் பாதிதான் உண்மை. துப்பாக்கி தூக்கியது உண்மை. நாட்டுக்காக என்பது பொய். நான் ஒரு ஆளைச் சுடுவதற்காகப் படையில் சேர்ந்தேன் டீச்சர். ஒரே ஒரு ஆளை. அவன் வெள்ளைக்காரனும் இல்லை, சப்பான்காரனும் இல்லை. எங்கள் தோட்டத்துத் தண்டல், கூலி ஆட்களை வேலை வாங்குகிறவன். சடையப்பன் என்று பெயர்.

ஏன் குரலைத் தாழ்த்தச் சொல்கிறீர்கள்? கேட்கட்டும். இந்த வழியில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். தெரிந்துகொண்டுதான் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

நீங்கள் டவுனில் பிறந்தவர் போலிருக்கிறது. பெரட்டு என்றால் தெரியாது. ரப்பர்த் தோட்டத்தில் விடிவதற்கு முன்னால் எல்லோரும் திடலில் வரிசையாக நிற்க வேண்டும். தண்டல் பெயர் கூப்பிடுவான். கூப்பிட்டதும் "வந்தாச்சு" என்று குரல் கொடுக்க வேண்டும். குரல் கொடுத்தால் அன்றைக்கு வேலை உண்டு, அரிசி உண்டு. குரல் வராவிட்டால் இரண்டும் கிடையாது. சடையப்பனுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எங்கள் தோட்டத்து ஆட்களின் பெயர் அத்தனையும் அவன் வாயிலேயே இருந்தது. குழந்தை பிறந்தால் பெற்றவளுக்குப் பெயர் தோன்றுவதற்கு முன்னால் அவனுக்குத் தோன்றிவிடும் என்று கேலி பேசுவோம்.

இதில் இன்னொரு வழக்கம் உண்டு. ஒருவர் வர முடியாமல் லயத்து வீட்டிலேயே படுத்துவிட்டால், அவருக்காக வேறு ஒருவர் குரல் கொடுத்துவிடுவோம். புருஷனுக்குப் பெண்டாட்டி, அண்ணனுக்குத் தம்பி, பக்கத்து வீட்டுக்குப் பக்கத்து வீடு. வேலையைப் பங்கு போட்டு முடித்துவிடுவோம். தண்டலுக்குத் தெரியும். காதில் விழாதது போல அடுத்த பெயருக்குப் போய்விடுவான். துரைமார் காலத்திலும் அப்படித்தான், துரைமார் ஓடிப்போய்ச் சப்பான்காரன் வந்த பிறகும் அப்படித்தான். நான் அதில் கெட்டிக்காரி. என் குரல் கணீரென்று இருக்கும். எங்கள் வீட்டுக்காரர் காத்தமுத்து குரலைவிட அவருக்காக நான் கொடுக்கிற குரல்தான் பொருத்தமாக இருக்கிறது என்று பவுனு சிரிப்பாள். பவுனு எங்கள் அடுத்த வீட்டுக்காரி. அவளைப் பார்க்கத்தான் இப்போது போய்க்கொண்டிருக்கிறேன்.

அந்தக் கதை நடந்த அன்றைக்கு எங்கள் வீட்டுக்காரருக்குக் காய்ச்சல். பவுனுவின் புருஷன் ரெங்கனுக்கும் காய்ச்சல். கொசு கடித்து வருகிற காய்ச்சல், பாதித் தோட்டத்துக்கு இருந்தது. "நீங்க படுங்க, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டுப் பெரட்டுக்குப் போனேன். திடலில் சப்பான் சிப்பாய்கள் நின்றார்கள். ஒரு லாரி நின்றது. அதற்கு முன்னால் இரண்டு மூன்று தடவை வந்திருக்கிறார்கள், மீன் வேண்டும், கோழி வேண்டும் என்று. அதனால் நான் பெரிதாக நினைக்கவில்லை.

சடையப்பன் பெயர் கூப்பிட ஆரம்பித்தான். முதலில் ஆம்பளைகளை. அன்றைக்கு அவன் கூப்பிட்ட விதமே சரியில்லை டீச்சர். ஒவ்வொரு பெயருக்கும் நடுவில் இழுத்தான். தண்ணீர் குடித்தான். ரெங்கன் பெயரைக் கூப்பிட்டான். பவுனு தலையைக் குனிந்துகொண்டாள், வாயே திறக்கவில்லை. சடையப்பன் உடனே, "ரெங்கன் இல்ல, சீக்கு" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போனான். பார்த்தீர்களா? ஏன் தெரியுமா? பவுனு அவனுக்கு ஒன்றுவிட்ட மைத்துனன் மகள். சொந்தக்காரி புருஷனைத் தப்ப வைத்துவிட்டான்.

அடுத்தது எங்கள் வீட்டுக்காரர் பெயர். "காத்தமுத்து" என்றான். நான் "வந்தாச்சு" என்றேன். வழக்கம்தானே.

அவன் நகரவில்லை. என்னையே பார்த்தான். கண்ணை இவ்வளவு பெரிதாக விழித்தான். மறுபடியும், "காத்தமுத்து... காத்தமுத்து சீக்கா?" என்று கேட்டான். எனக்கு எரிச்சல் வந்தது. ரெங்கனுக்கு அரிசி போனால் போகட்டும், என் வீட்டு அரிசியையும் கெடுக்கப் பார்க்கிறானா? இன்னும் சத்தமாக "வந்தாச்சு, வந்தாச்சு!" என்றேன். தலையை இப்படி லேசாக ஆட்டினான். எனக்கு அது இப்போதும் கண்ணில் நிற்கிறது. அந்த ஆட்டல்! கசாப்புக்காரன் ஆட்டைப் பார்த்து ஆட்டுவது போல. ஒரே பெயரை எதற்கு இரண்டு தடவை கூப்பிட வேண்டும், சொல்லுங்கள்? சப்பான்காரன் காதில் நன்றாக விழட்டும் என்றுதானே?

பெயர் முடிந்ததும் குரல் கொடுத்த ஆம்பளைகள் எல்லோரும் லாரியில் ஏறு என்றார்கள். சயாமில் ரயில் பாதை போடுகிற வேலை, மூன்று மாதத்தில் திரும்பலாம் என்று ஒருவன் தமிழில் சொன்னான். ஆட்களை எண்ணினார்கள். ஒரு தலை குறைந்தது. ஒரு சிப்பாய் சடையப்பனை ஓங்கி அறைந்தான். வாயிலிருந்து ரத்தம் வந்தது. "எண்ணிக்கை தப்பு துரை, நான்தான் தப்பாக் கூப்பிட்டுட்டேன்" என்று அவன் காலில் விழுந்து கத்தினான். என்ன நடிப்பு! இன்னொரு அறை விழுந்தது. "ஐயோ, அவருக்குக் காய்ச்சல், காய்ச்சல்" என்று அலறிக்கொண்டு லயத்தைப் பார்த்து ஓடினேன். அந்தப் பாவிகள் நேராக எங்கள் கதவுக்கே வந்தார்கள். இடது பக்கம் திரும்பவில்லை, வலது பக்கம் திரும்பவில்லை, வேறு ஒரு கதவையும் தட்டவில்லை. நான் உள்ளே போய் அவரைக் கட்டிப் பிடிப்பதற்குள் என் பின்னாலேயே நுழைந்து இழுத்துக்கொண்டு போனார்கள். போர்வையோடு போனார். சட்டைகூட இல்லை.

அவ்வளவுதான். திரும்பவில்லை. திரும்பி வந்தவர்கள் கை விரல் விட்டு எண்ணக்கூடிய ஆட்கள். அவர்கள் சொன்னார்கள், அவரைப் பாதி வழியிலேயே ரயிலிலிருந்து இறக்கிப் போட்டார்கள் என்று.

அன்று சாயங்காலமே சடையப்பன் என் வாசலுக்கு வந்தான். உதடு வீங்கியிருந்தது. "தங்கச்சி" என்றான். நான் கதவைச் சாத்தினேன். அவனைக் கொல்ல வேண்டும் என்று அப்போதே முடிவு செய்தேன். ஆனால் எதை வைத்து? அவன் எருமை மாதிரி ஆள். நான் கையால் தள்ளினால் என் கைதான் சுளுக்கிக்கொள்ளும்.

அப்போதுதான் ஒரு வக்கீல் வந்தார். சிங்கப்பூரிலிருந்து படைக்கு ஆள் சேர்க்க வந்தவர். வெள்ளை உடுப்பு, மூக்குக் கண்ணாடி. அதே பெரட்டுத் திடலில் மேசை போட்டு ஏறி நின்று பேசினார். தாய்நாடு அடிமையாகக் கிடக்கிறது, ஆண்கள் மட்டுமல்ல, பெண்களும் போர்முனைக்கு வரலாம், பெண்களுக்கென்றே படை இருக்கிறது என்றார். அழகாகத்தான் பேசினார். நான் பாதியைக் கேட்கவில்லை. 'பெண்களுக்கும் துப்பாக்கிப் பயிற்சி' என்று சொன்னாரே, அதிலேயே நின்றுவிட்டேன்.

"ஐயா" என்று எழுந்தேன். "துப்பாக்கி குடுப்பீங்களா?"

"கொடுப்போம் அம்மா."

"கையிலேயே குடுப்பீங்களா? இல்ல, படம் புடிக்க மட்டுமா?"

எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "கையிலேயே" என்றார்.

"குண்டு?"

"குண்டும் உண்டு."

"அப்ப என்னச் சேத்துக்குங்க."

வக்கீலுக்குக் கண் கலங்கிவிட்டது டீச்சர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்கள், ஒரு பாட்டாளிப் பெண், படிப்பில்லாதவள், இவளிடம் உள்ள வீரம் படித்தவர்களுக்கு உண்டா!" என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கை தட்டினார்கள். எனக்கு மாலை போட வேண்டும் என்றார். தோட்டத்துக்குப் பெரிய ஆள் யார் அப்போது? துரை இல்லை, கணக்கு எழுதுகிற கிராணி ஓடிவிட்டான். சடையப்பன்தான். காகிதப் பூ மாலையை எடுத்துக்கொண்டு என் முன்னால் வந்தான்.

"கோவமாப் போறியா தங்கச்சி?" என்று மெதுவாகக் கேட்டான்.

"இல்லண்ணே. சந்தோசமாத்தான் போறேன்" என்றேன்.

"நல்லபடியாத் திரும்பி வா."

"கட்டாயம் வருவேன். ஒன்னப் பாக்கறதுக்குன்னே வருவேன்."

கூட்டத்தில் இருந்தவர்களுக்கு அது பாசம் மாதிரி கேட்டிருக்கும். அவனுக்குப் புரிந்தது. தலையைக் குனிந்துகொண்டான்.

சிங்கப்பூர் முகாமைப் பற்றிச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். முதல் நாளே கால்சட்டை கொடுத்தார்கள். எங்களில் பாதிப் பேர் அதைக் கையில் வைத்துக்கொண்டு எது முன்பக்கம் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். லூர்துமேரி என்று என் பக்கத்துக் கட்டில்காரி, பினாங்குப் பக்கத்துத் தோட்டத்துப் பெண். "எங்க அப்பன் இதப் பாத்தா வெள்ளைக்காரனுக்கு முன்னாடி அவரே என்னச் சுட்டுடுவாரு" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். எங்களுக்கு ஆபீசர் புனிதவதி. ஈப்போவில் பெரிய வீட்டுப் பெண், இங்கிலீஷ் படித்தவள். என்னைவிடச் சின்னவள். ஆனால் அவள் 'நில்' என்றால் மூச்சும் நிற்கும்.

முதலில் மரத் துப்பாக்கி கொடுத்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. வக்கீல் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்தேன். பிறகுதான் நிஜத் துப்பாக்கி வந்தது. அதை முதல் தடவை தோளில் வைத்தபோது எனக்கு அழுகை வந்தது. வைக்கோல் அடைத்த சாக்குப் பையைக் கட்டித் தொங்கவிட்டுக் குத்தச் சொல்வார்கள். மற்றவர்கள் குத்துவதற்கு முன்னால் சத்தம் போட வேண்டும் என்பதற்காகக் கத்துவார்கள். நான் கத்தவே மாட்டேன். அந்தச் சாக்கைப் பார்ப்பேன், அதற்குச் சடையப்பன் முகம் வரும், போய்க் குத்துவேன். என் சாக்கு இரண்டு நாளுக்கு மேல் தாங்காது. "மருதாயியைப் பாருங்கள், நாட்டு மேல் எவ்வளவு பற்று!" என்பாள் புனிதவதி.

அவளுக்கு என் மேல் ஒரே ஒரு தடவைதான் கோபம் வந்தது. அது அநியாயமான கோபம். சொல்கிறேன், நீங்களே நியாயம் சொல்லுங்கள்.

முகாமிலும் காலையில் பெயர் கூப்பிடுவார்கள். அன்றைக்கு லூர்துமேரிக்கு வயிற்றுப்போக்கு. வரிசையில் இல்லை. அவள் பெயர் வந்தது. நான் இருந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்துவிட்டேன். தோட்டத்துப் பழக்கம், வாய் தானாகத் திறந்துகொண்டது. புனிதவதி கண்டுபிடித்துவிட்டாள். வெயிலில் திடலைச் சுற்றி ஓட வைத்தாள். ஓடி முடித்து நான் நாய் மாதிரி இரைத்துக்கொண்டு நிற்கும்போது வந்து சொன்னாள்:

"இல்லாத ஆளை இருக்குன்னு சொல்றது உதவி இல்ல மருதாயி. போர்முனைல நீ இப்படிச் சொன்னா, நான் அந்த ஆளை நம்பி ஒரு வேலை குடுப்பேன். ஆள் இல்லன்னா தேடுவாங்க. தேடிப் போறவங்க சாவாங்க. தேடப்பட்டவளும் சாவா. உன் ஒரு குரல் போதும், ஒரு உயிரைக் கொல்ல."

எவ்வளவு பெரிய பேச்சு பாருங்கள், ஒரு வயிற்றுப்போக்குக்கு! படித்தவர்கள் எல்லாவற்றையும் பெரிதாக்குவார்கள். உங்களைச் சொல்லவில்லை டீச்சர். எனக்கு அன்று முழுக்க மனசு சரியில்லை. சாப்பாடு இறங்கவில்லை. வெயிலில் ஓடியதுதான் காரணம் என்று லூர்துமேரி சுக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தாள்.

பிறகு பர்மாவுக்கு அனுப்பினார்கள். எந்த வழியாக என்று கேளுங்கள். சயாம் வழியாக. அதே ரயில். எங்கள் ஆட்கள் போட்ட அதே பாதை. கூரையில்லாத வண்டியில் எங்களை ஏற்றினார்கள். காட்டுக்குள், மலை ஓரத்தில், மரப் பாலத்தின் மேல் அந்த ரயில் ஊர்ந்து போயிற்று. மற்ற பெண்கள் பாட்டுப் பாடினார்கள். நான் கீழே பார்த்துக்கொண்டே வந்தேன். பாதை ஓரத்தில் மூங்கில் குச்சிகள் வரிசை வரிசையாக நட்டிருந்தன. எதற்கு என்று கேட்டேன். யாரும் சொல்லவில்லை. புனிதவதி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கையை இழுத்துக்கொண்டேன். எனக்கு ஆறுதல் வேண்டாம். எனக்கு வேண்டியது என் மடியில் இருந்தது. எண்ணெய் போட்டுத் துடைத்த துப்பாக்கி. ஒவ்வொரு மூங்கில் குச்சியைக் கடக்கும்போதும், இது உன் கணக்கு சடையப்பா, இதுவும் உன் கணக்கு என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே போனேன்.

போரில் நான் ஒரு குண்டுகூடச் சுடவில்லை. உங்களுக்குச் சப்பென்று இருக்கும். எங்களை முன்னால் அனுப்பவே இல்லை. காயம்பட்டு வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டோம், கஞ்சி காய்ச்சினோம். பிறகு தோற்றுவிட்டோம் என்றார்கள். பின்வாங்கு என்றார்கள். மழையில், சேற்றில், நடந்தே வந்தோம். கால் புண்ணாகிச் சீழ் வைத்தது. பலர் பாரம் தாங்காமல் சட்டி பானையைப் போட்டார்கள், போர்வையைப் போட்டார்கள். நான் துப்பாக்கியை விடவில்லை. எனக்கு இனிமேல்தானே அதற்கு வேலை!

பாங்காக்கில் வாங்கிக்கொண்டார்கள். எல்லோரும் ஒப்படைக்க வேண்டும் என்று உத்தரவு. நான் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். புனிதவதியும் அழுதாள். "நம்ம சுதந்திரம் இத்தோட போயிடல மருதாயி" என்று என் தலையைத் தடவினாள். பைத்தியம். சுதந்திரத்துக்கா நான் அழுதேன்?

தோட்டத்துக்குத் திரும்பினேன். கையில் ஒன்றும் இல்லாமல், கிழிந்த காக்கிச் சட்டையோடு. சடையப்பன் இருந்தான். ஆனால் பாதி ஆளாக இருந்தான். எருமை மாதிரி இருந்தவன் எலும்பும் தோலுமாகி, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாக் கொட்டகை முன்னால் பெரிய அண்டாவில் மரவள்ளிக்கிழங்குக் கஞ்சி கிண்டிக்கொண்டிருந்தான். சயாமுக்குப் போனவர்களின் குழந்தைகளுக்கு அவன்தான் இரண்டு வருஷத்துக்கு மேலாகக் கஞ்சி ஊற்றுகிறானாம். தன் பங்குக் கிழங்கையும் அதில்தான் போடுகிறானாம். ஊரே அவனைப் புகழ்ந்தது. எனக்குப் பற்றி எரிந்தது. செய்த பாவத்துக்குப் பயந்து செய்கிறான், வேறென்ன?

என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்தான். "வந்துட்டியா தங்கச்சி" என்றான். "வந்துட்டேன்" என்றேன். "கஞ்சி குடிக்கிறியா?" என்றான். நான் அந்தக் கஞ்சியைத் தொடவில்லை.

எனக்கு அதிர்ஷ்டம் கை கொடுத்தது. சப்பான்காரன் சரணடைந்துவிட்டான், வெள்ளைக்காரன் இன்னும் வந்து சேரவில்லை. நடுவில் சில வாரம் எவன் ராஜா என்று தெரியாது. அப்போது காட்டுக்குள் இருந்து சண்டை போட்டவர்கள் வெளியே வந்தார்கள். தொப்பியில் மூன்று நட்சத்திரம். தோட்டம் தோட்டமாகப் போய், சப்பான்காரனுக்கு ஆள் பிடித்துக் கொடுத்தவன் யார் என்று விசாரித்தார்கள். எங்கள் தோட்டத்துக்கும் வந்தார்கள். பெரட்டுத் திடலில் எல்லோரையும் உட்கார வைத்தார்கள். அவர்களுடைய தலைவர் சீனர். தமிழ் பேசுகிற ஒருவர் கூடவே நின்று மாற்றிச் சொன்னார்.

"காட்டிக் கொடுத்தவன் இங்கே இருக்கிறானா?"

ஒரு வாய் திறக்கவில்லை. கோழைகள். நான் எழுந்தேன். காக்கிச் சட்டையோடு எழுந்தேன். "இருக்கான். தண்டல் சடையப்பன்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். இப்போது உங்களிடம் சொன்னேனே, அதே மாதிரி, ஒன்று விடாமல். எப்படி இரண்டு தடவை பெயரைக் கூப்பிட்டான், எப்படித் தலையை ஆட்டினான், எப்படி ரெங்கனை மட்டும் விட்டான், எல்லாம். சொல்லச் சொல்லத் திடல் அப்படியே உறைந்துவிட்டது. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்கள். என் துயரம் அவர்களை அப்படி உலுக்கிவிட்டது.

அப்போது பவுனு எழுந்தாள். "ஐயா, அது அப்படி இல்ல, அன்னைக்கு மருதாயிதான்..." என்று ஆரம்பித்தாள்.

சடையப்பன் கையை உயர்த்தினான். "பவுனு, உக்காரு!" என்றான். பெரட்டில் போடுகிற அதே அதட்டல். "ஒனக்கு ஒண்ணும் தெரியாது. உக்காருன்னா உக்காரு."

அவள் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டாள்.

"இந்தப் பெண் சொல்வது உண்மையா?" என்று அவனைக் கேட்டார்கள். அவன் தலைவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான். பிறகு, "ஆமாங்க. நான்தான் கூப்பிட்டேன். அந்தப் பேர நான் கூப்பிட்டிருக்கவே கூடாது" என்றான்.

கேட்டீர்களா டீச்சர்? அவன் வாயாலேயே! குற்றம் செய்யாதவன் அப்படிச் சொல்வானா? தனக்காக ஒரு வார்த்தை பேசாமல் இருப்பானா?

ரப்பர் காட்டுப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார்கள். என்னைத் தாண்டிப் போகும்போது, "கஞ்சி அடிப்புடிச்சிடும், யாராச்சும் கிண்டி விடுங்க" என்றான். அவ்வளவுதான் அவன் கடைசியாகப் பேசியது. சத்தம் கேட்டது. நான் சுடவில்லை, என் துப்பாக்கி இல்லை. ஆனாலும் என் குண்டுதான் என்று வைத்துக்கொண்டேன்.

அன்றைக்கு எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும். நியாயம் அதுதானே? வரவில்லை. வீட்டில் போய் உட்கார்ந்தால் நெஞ்சு முன்னைவிட அதிகமாக எரிந்தது. லயத்தில் யாரும் என்னோடு பேசவில்லை. என்னைக் கண்டு பயம், மரியாதை என்று நினைத்துக்கொண்டேன். சடையப்பன் பெண்டாட்டி மூட்டை முடிச்சோடு தோட்டத்தை விட்டுப் போகும்போது என் வாசலில் வந்து நின்றாள். மண்ணை வாரித் தூற்றப் போகிறாள் என்று நினைத்தேன். தூற்றவில்லை.

"ஒன் மேல எனக்குக் கோவம் வரல மருதாயி" என்றாள். "பயமாத்தான் இருக்கு. என்னைக்காச்சும் ஒருநா ஒனக்குத் தெரிஞ்சிடுமே, அப்ப நீ என்ன பண்ணுவ?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்குப் பொறி தட்டியது அப்போதுதான். எனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது! அதை இவர்கள் எல்லோரும் மறைக்கிறார்கள்! யோசித்தேன். சடையப்பன் பெயரைத்தான் கூப்பிட்டான். அவர் லயத்தில் படுத்திருக்கிறார் என்று சிப்பாய்க்குச் சொன்னது யார்? அவன் திடலை விட்டு நகரவே இல்லையே? சிப்பாய்கள் எப்படி எங்கள் கதவுக்கு மட்டும் நேராக வந்தார்கள்? யாரோ வழி காட்டியிருக்க வேண்டும். சடையப்பன் வெறும் பாதி. நிஜமாகக் காட்டிக் கொடுத்த ஆள் இன்னும் உயிரோடு, கஞ்சி குடித்துக்கொண்டு, தூங்கி எழுந்துகொண்டு, எங்கேயோ சுகமாக இருக்கிறது.

அன்றிலிருந்து தேடுகிறேன். அன்று பெரட்டில் நின்றவர்கள் பல தோட்டங்களுக்குச் சிதறிவிட்டார்கள். ஒவ்வொருவராகப் போய்ப் பார்க்கிறேன். இந்தக் கண்டக்டருக்கு என்னைத் தெரிந்ததே அப்படித்தான். போகிற இடத்திலெல்லாம் ஒரே மாதிரிதான். கோப்பி போட்டுக் கொடுப்பார்கள். "சாப்பிட்டுப் போ மருதாயி" என்பார்கள். நான் கேள்வியைக் கேட்டதும் முகம் செத்துவிடும். சுங்கைத் தோட்டத்தில் ஒருத்தி என் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "விட்டுடுடி, கடவுளா நெனச்சுக் கேக்கறேன், தேடாதடி" என்றாள். அவளாக இருக்குமோ என்றுகூட ஒரு நிமிஷம் சந்தேகப்பட்டேன். இல்லை, அவளும் அன்றைக்குத் திடலை விட்டு நகரவில்லை.

மீதி இருப்பது பவுனுதான். அவள் என் பக்கத்தில் நின்றவள். எல்லாம் பார்த்தவள். அன்று சொல்ல வாயெடுத்தவள். அவள் என்னைக் கண்டு ஓடிக்கொண்டே இருந்தாள் டீச்சர். நான் ஒரு தோட்டத்துக்குப் போனால் அவள் அடுத்த தோட்டத்துக்குப் போயிருப்பாள். ரெங்கன்தான் அவளைப் பேசவிடாமல் தடுத்தான் என்று கேள்வி. போன மாதம் ரெங்கன் செத்துப்போனான். இனி தடுக்க ஆள் இல்லை. நேற்று அவளே ஆள் விட்டுச் சொல்லி அனுப்பியிருக்கிறாள். "எனக்கும் வயசாச்சு, இத நெஞ்சுல வெச்சுக்கிட்டு நான் சாக மாட்டேன், வரச் சொல்லு, சொல்லிடறேன்" என்று. என்ன, பதினைந்து வருஷம் ஆகப்போகிறது இல்லையா? பரவாயில்லை. தெரிந்தால் போதும்.

ஏன் டீச்சர் உங்கள் முகம் இப்படி வெளுத்துவிட்டது? பஸ் குலுக்கல் ஒத்துக்கொள்ளவில்லையா? ஜன்னலை நன்றாகத் திறந்துகொள்ளுங்கள்.

இதுவா? கூடையில் துணி சுற்றி வைத்திருப்பது ரப்பர்ப் பால் வெட்டுகிற கத்தி. பயப்படாதீர்கள். தினமும் மரத்தில் போடுகிற கத்திதான், இன்று காலையில் கொஞ்சம் கூடுதலாகத் தீட்டினேன். ஆள் யார் என்று தெரிந்த பிறகு, கத்தி எடுக்க வீட்டுக்குத் திரும்பி ஓட வேண்டியிருக்கக் கூடாது பாருங்கள். இவ்வளவு நாள் காத்திருந்தது போதும். ஒரு நொடிகூட அந்த ஆளை உயிரோடு விடுவதாக இல்லை. சாமி முன்னால் சத்தியம் செய்திருக்கிறேன்.

கடையெல்லாம் தெரிகிறதே, லங்காப் வந்துவிட்டது. கண்டக்டர் தம்பி, எறக்கம்! கையை விடுங்கள் டீச்சர், பஸ் நின்றுவிட்டது. என்ன இது, சின்னக் குழந்தை மாதிரி என் கையை இப்படிப் பிடித்துக்கொள்கிறீர்கள்? போகாதே என்றால் எப்படி? இதற்காகத்தானே நான் உயிரையே வைத்துக்கொண்டிருக்கிறேன்.

அட, அழாதீர்கள். பவுனுவுக்காகவா பயப்படுகிறீர்கள்? அவளுக்கு ஒரு கீறல் விழாது. அவள் பெயரை மட்டும் சொன்னால் போதும். கத்தி, அவள் சொல்கிற அந்த ஆளுக்குத்தான்.